ஹட்டன் பக்கம் வீட்டில் எந்நேரமும் ரொட்டி, கையில் காசும் குறைவு; பேலியோவை எப்படி விடாமல் தொடர்வது?

ஆதிமனிதர் சாப்பிட்ட மாதிரிச் சாப்பிடும் முறைதான் பேலியோ; அதற்காகத் தினமும் இறைச்சி என்று யார் சொன்னது? தானியம், பருப்பு, பால், சீனி வேண்டாம், அவ்வளவுதான். லீக்ஸ், கோவா, கரட், நோக்கோல் எல்லாம் நம் பக்கமே விளைகிறது, சந்தையில் கடை கட்டும் நேரமாகப் பார்த்துப் போனால் விலையைக் கொஞ்சம் குறைத்தும் கேட்கலாம். புரதத்துக்கு முட்டை, நெத்தலிக் கருவாடு. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால், பாலை விட்டதில் குறைகிற கல்சியமும் ஓரளவு கிடைத்துவிடும். உப்புதான் அதிகம், ஊறப்போட்டுக் கழுவுங்கள். வயிறு நிறைய வத்தாளைக் கிழங்கு, தேங்காய், அப்புறம் மரவள்ளி. கறாரான ஆட்கள் சிலர் மரவள்ளிக்கு முகம் சுளிப்பார்கள், விடுங்கள், நாள் முழுக்க மலையேறிக் கொழுந்து பறிக்கிற உடம்புக்கு மாச்சத்து வேண்டும்.

ஆசையை அடக்குவதுதான் கஷ்டம். குளிருக்கு வீட்டில் ரொட்டி சுடும் வாசம் வந்தால் எந்த உறுதியும் ஆடும், அதனால் மற்றவர்களுக்கு முன்பே முட்டையும் கீரையும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள், ரொட்டிக்கு அரைத்த தேங்காய்ச் சம்பலை மட்டும் தாராளமாக எடுங்கள். பிளேன்டீ குடிக்கலாம், சீனி இல்லாமல். டவுனுக்குப் பசியோடு போகாதீர்கள், பேக்கரி பணிஸ் இழுக்கும்.

சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவரா? திடீரென மாச்சத்தைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.