கராஜ் சூட்டில் மின்னணு பவுடர் டிஸ்பென்சர் எடையைச் சரியாகக் காட்டுமா?

ஃபீனிக்ஸ் பக்கம் வீடு, கராஜில் ஏசி கிடையாது, ரீலோடிங்குக்கு, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்ப, அந்தப் பவுடரை எடைபோட்டுக் கொட்டும் மின்னணு டிஸ்பென்சர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்குங்கள். கராஜில் மட்டும் வைக்காதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி என்றாலே சண்டைக்கு வருகிறவர்கள் இங்கே உண்டு. விசாவில் இருந்தவரை நான் எதையும் தொட்டதில்லை. கிரீன் கார்டு வந்த பிறகுதான் ரேஞ்சுக்கே போனேன். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை, விற்றால்தான் வேண்டும். நான் சுடுவது காகித இலக்கை மட்டும்.

2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 செல்சியஸுக்கு, குறையவே இல்லை. அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை. வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தேன். டிஸ்பென்சரை அரை மணி நேரம் ஓடவிட்டு, கூடவே வந்த எடைக்கற்களை வைத்து அளவு திருத்தி, .308 ரக ரைஃபிளின் கேஸ்களை, அதாவது காலிக் கூடுகளை, நிரப்ப ஆரம்பித்தேன். காலிக் கிண்ணத்தைத் திரும்ப வைத்ததுமே அடுத்த அளவைத் தானாகக் கொட்டும் ஆட்டோ முறையில் போட்டிருந்தேன். திரையில் 0.0 வருகிறதா என்று பார்க்கக்கூட அது நேரம் தராது.

ஒன்பது மணி வாக்கில் கராஜ் கதவின் சின்ன ஜன்னல் வழியாக வெயில் நேராக இயந்திரத்தின் ஒரு பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவரிலிருந்த தெர்மாமீட்டர் 101 காட்டியது. கிண்ணத்தை எடுத்தபோது தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். காலிக் கிண்ணத்தைப் பூஜ்யமாக வைத்திருப்பதால், அதை எடுத்தால் எப்போதும் மைனஸ் 151.3 என்று நிற்கும். அன்று மைனஸ் 151.9. அதாவது பூஜ்யமே 0.6 கிரெய்ன் கீழே இறங்கியிருந்தது. கிண்ணத்தில் அவ்வளவு கூடுதலாக விழுந்தால்தான் நான் கேட்ட எண் திரையில் வரும்.

ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். இந்த இத்தினியூண்டுக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். பவுடர் அளவுகள் போட்ட கையேட்டின் உச்ச அளவை ஒட்டி நிரப்புகிறவருக்கு அந்த இத்தினியூண்டுதான் துப்பாக்கிக்குள் அழுத்தத்தை எல்லை தாண்ட வைக்கும்.

அதுவரை 38 தோட்டா முடித்திருந்தேன். எல்லாவற்றையும் பிரித்தேன். பிளாஸ்டிக் சுத்தியல் மாதிரி ஒரு புல்லர் இருக்கிறதல்லவா, அதற்குள் தோட்டாவை மாட்டி சிமென்ட் தரையில் மூன்று, நான்கு தட்டு தட்டினால் புல்லட்டும் பவுடரும் கழன்று விழும். பவுடரை ஒவ்வொன்றாகப் பழைய பீம் தராசில் போட்டேன். முதல் பதினைந்து சரி. இருபதுக்கு மேல் 0.3 கூடுதல். கடைசி ஐந்தாறு 0.6. மணிக்கட்டு வலி இரண்டு நாள் போகவில்லை. ஆனாலும் ஒன்றைக்கூட அப்படியே விட மனம் வரவில்லை.

இயந்திரத்தில் பழுதில்லை. தட்டுக்குக் கீழே ஒரு சின்ன அலுமினியக் கட்டை இருக்கிறது. எடை ஏறினால் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதில் ஒட்டிய மெல்லிய உலோக இழையின் மின்தடை அப்போது மாறும். அந்த மாற்றத்தைத்தான் திரை எடையாகக் காட்டுகிறது. சூடு பட்டாலும் அதே தடை மாறும். சரிக்கட்ட உள்ளே ஏற்பாடு உண்டு, ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெயில் அடித்தால் அது ஈடுகொடுக்காது. பீம் தராசுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எடைக்கு எதிர் எடை வைத்துப் பார்ப்பது.

ஃபேன் போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். காற்று கிண்ணத்தில் பட்டால் எண் நிற்காமல் ஆடும். என் அப்பா நகைக்கடையில் எடை போடும் வேலையில் இருந்தார். தராசுக்குக் கண்ணாடிப் பெட்டி இருந்தும், தங்கத்தை வைப்பதற்கு முன்னால் மேலே ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்வார். கூட்டம் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கும், அவர் முள் நிற்கும்வரை நிமிரமாட்டார்.

கராஜுக்கு ஏசி போடத்தான் நினைத்தேன். எங்கள் குடியிருப்புச் சங்கம் விடவில்லை. வெளி யூனிட் தெருவிலிருந்து தெரிகிறது என்று முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. மறைக்கச் செடி வைக்கிறேன் என்றேன், செடி அனுமதிப் பட்டியலில் இல்லையாம். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. மாதச் சந்தாவை மட்டும் அந்த வருடமே ஏற்றினார்கள். 110 டிகிரியில் ஒரு மனிதன் தன் வீட்டுச் சுவரில் ஏசி மாட்ட இவ்வளவு கெஞ்ச வேண்டுமா? இன்றைக்கும் ஆறவில்லை.

அதனால் டிஸ்பென்சரை வீட்டுக்குள் துணி துவைக்கும் அறைக்கு மாற்றினேன். அங்கே எப்போதும் 78 டிகிரி. தோட்டாவை அழுத்திப் பொருத்தும் பிரஸ் மட்டும் கராஜிலேயே இருக்கிறது. பவுடர் பூட்டிய அலமாரியில், அதன் சொந்த டப்பாவில். வேலை முடிந்ததும் டிஸ்பென்சரில் பவுடர் கொட்டி வைக்கும் ஹாப்பரைக் காலி செய்துவிடுவேன். இந்த வறண்ட காற்றில் திறந்து கிடக்கும் பவுடர் ஈரத்தை இழக்கும். காய்ந்த பவுடர் வேகமாக எரியும். நைட்ரோகிளிசரின் கலந்த வகை என்றால் பிளாஸ்டிக் ஹாப்பரையே அரித்து மங்கச் செய்துவிடும். அப்புறம், ஜனவரியில் சோதித்துப் பார்த்து வைத்த அளவு ஜூலையிலும் அதே அழுத்தம் தரும் என்று நம்பாதீர்கள். சூடான பவுடர் பொதுவாக அழுத்தத்தைக் கூட்டும். தோட்டாவைக் காரிலும் வைக்காதீர்கள்.

‘பத்து வருடமாகக் கராஜில்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று பின்னூட்டம் வரும். இருக்கலாம். கிண்ணத்தை எடுத்ததும் வரும் எண்ணை அவர் பார்த்துக்கொண்டே செய்திருந்தால் நல்லது. நான் -151.3 என்று ஒரு துண்டு டேப்பில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஆட்டோ முறையை அணைத்துவிட்டேன். பத்துக்கு ஒன்றைப் பீம் தராசில் போட்டுப் பார்க்கிறேன்.

உங்கள் கராஜ் எந்தத் திசை பார்க்கிறது, வீட்டுக்குள் ஒரு மூலை கிடைக்குமா என்று சொல்லுங்கள். குழந்தைகள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், அலமாரிப் பூட்டைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.