சர்வருக்கு எந்த எஸ்எஸ்டி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் சர்வரின் விலை, பிராசசர், ராம் ஆகியவை விரிவாக எழுதப்பட்டிருந்தன. எஸ்எஸ்டி என்பது ஃபிளாஷ் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்; எழுத எழுத அது தேயும். ஆனால் அந்த சர்வர் ஒரு நாளில் டிஸ்க்கில் எவ்வளவு எழுதுகிறது என்பதை மட்டும் ஒருவரும் குறிப்பிடவில்லை. எனவே முதல் பதில் சற்று நீளமாக அமைந்துவிட்டது.

எங்கள் மருத்துவப் பரிசோதனைக்கூடத்தின் டேட்டாபேஸ் சர்வருக்கு 3 டிடபிள்யூபிடி தாங்கும் 800 ஜிபி எஸ்எஸ்டிதான் வேண்டும் என்கிறார் விற்பனையாளர். அவ்வளவு தேவையா? (கே.கே. நகர், மதுரை)

டிடபிள்யூபிடி என்பது, உத்தரவாதக் காலம் முழுவதும் நாள்தோறும் அந்த டிஸ்க்கை எத்தனை முறை முழுமையாக எழுதி நிரப்பலாம் என்பதைச் சொல்லும் எண். அதை டிஸ்க்கின் கொள்ளளவாலும் உத்தரவாத நாட்களாலும் பெருக்கினால் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்பது கிடைத்துவிடும். ஐந்தாண்டு உத்தரவாதத்துக்கு 1,825 நாட்கள் என்று கொண்டால், உங்களுக்குச் சொல்லப்பட்ட டிஸ்க் 4,380 டெராபைட் வரை தாங்கும். 1 டிடபிள்யூபிடி மட்டுமே உள்ள 1.92 டெராபைட் டிஸ்க்கோ 3,504 டெராபைட் தாங்கும். இரண்டும் அப்படியொன்றும் எட்டாத தொலைவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கொள்ளளவைச் சேர்த்துப் பார்க்காமல் டிடபிள்யூபிடியை மட்டும் ஒப்பிடுவது, படியின் அளவைக் கேட்காமல் எத்தனை படி அரிசி என்று விலை பேசுவதைப் போன்றது.

இனி உங்கள் சர்வரை அளந்து பாருங்கள். என்விஎம்இ என்ற வேகமான இணைப்பு வகை டிஸ்க்காக இருந்தால், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்’ என்ற எண்ணை இன்று காலை பத்து மணிக்கும் நாளை அதே நேரத்துக்கும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது 5,12,000 பைட். வித்தியாசம் 24 லட்சம் யூனிட் என்று வந்தால், ஒரு நாளில் சுமார் 1.23 டெராபைட் எழுதப்பட்டிருக்கிறது. ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 2,245 டெராபைட். அப்படியானால் மேற்சொன்ன 1.92 டெராபைட் டிஸ்க்கே போதும், இடமும் இரு மடங்குக்கு மேல் கிடைக்கும். ஒரே ஒரு நாளின் கணக்கை நம்பிவிட வேண்டாம். மாதக் கடைசியும் பேக்கப் ஓடும் இரவும் உள்ளடங்கும்படி சில வாரங்கள் குறித்து வாருங்கள்.

டேட்டாபேஸின் உள்வேலையையும் மறக்கக் கூடாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் தரவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி, பாதுகாப்புக்காக ஒவ்வொரு பக்கத்தையும் (தரவுத் துண்டையும்) இரண்டு முறை எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மாற்றங்களை டிஸ்க்கில் சேர்த்து முடிக்கும் ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும், ஒரு பக்கம் முதல்முறை மாறும்போது அதை முழுமையாகவே லாகில் (மாற்றங்களின் பதிவேட்டில்) பதிக்கிறது; செக்பாயின்ட் இடைவெளியை ஐந்து நிமிடத்திலிருந்து உயர்த்தினாலே எழுதும் அளவு கணிசமாகக் குறைவதுண்டு. புதிய டிஸ்க்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

மாட்டுத்தாவணியில் மொத்த வியாபாரம் செய்கிறோம். பில்லிங் சர்வரில் சாதாரண 1 டெராபைட் டெஸ்க்டாப் எஸ்எஸ்டி இருக்கிறது. யுபிஎஸ்ஸும் உண்டு. மாற்ற வேண்டுமா?

அந்த வகை டிஸ்க்குகள் பலவற்றுக்கு 600 டெராபைட் வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தருகிறார்கள். பில்லிங் அளவுக்கு அது தாராளம்; தேய்ந்துபோகும் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். நான் மாற்றச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. நிறுவனங்களுக்கென்றே செய்யப்படும் எஸ்எஸ்டியில், மின்சாரம் திடீரென்று நின்றாலும் தற்காலிக நினைவகத்தில் இருப்பதை ஃபிளாஷில் எழுதி முடிக்கும் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் இருக்கும். யுபிஎஸ் என்பது ஊரில் கரண்ட் போவதற்கு மட்டுமே காவல். சர்வரின் பவர் சப்ளை செத்தாலும், கடைப் பையன் ஒயரைத் தட்டிவிட்டாலும் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. இன்னொரு பயனும் உண்டு: டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லையும் ‘பதிந்துவிட்டேன்’ என்று உறுதிசெய்யக் கேட்கும்போது, கெப்பாசிட்டர் உள்ள டிஸ்க் ஃபிளாஷ் வரை போய்த் திரும்பாமல் உடனே பதில் தந்துவிடும். காலைக் கூட்ட நேரத்தில் பில் போடத் தாமதமாகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். தாங்குதிறன் குறைந்ததே போதும். கெப்பாசிட்டர் உள்ளதாக வாங்குங்கள்.

960 ஜிபியும் 800 ஜிபியும் ஒரே டிஸ்க்தான் என்கிறார்களே, உண்மையா? (இலந்தைக்குளம்)

பல மாடல்களில் உண்மைதான். உள்ளே இருக்கும் ஃபிளாஷின் அளவு ஒன்றே. 800 ஜிபி மாடலில் கூடுதல் இடம் உங்கள் கண்ணுக்குப் படாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பெரிய தொகுதியாக. அதனால் ஒரு தொகுதியைக் காலி செய்ய, அதில் இன்னும் உயிருள்ள பக்கங்களை வேறிடத்துக்குப் பெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது. காலியிடம் அதிகமாக இருந்தால் இந்தப் பெயர்ப்பு வேலை குறையும், தேய்மானமும் குறையும். 960 ஜிபி டிஸ்க்கை வாங்கிய புதிதிலேயே ஒரு பகுதியைப் பார்ட்டிஷன் போடாமல் விட்டால், உத்தரவாதம் மாறாவிட்டாலும் அதே பயனில் பெரும்பகுதி கிடைக்கும்.

விளக்குத்தூண் பகுதியில் ஜவுளிக்கடை. 16 கேமராக்களின் பதிவை எஸ்எஸ்டியில் வைக்கலாமா?

வேண்டாம். கேமரா ஒன்றுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்றால், நாளொன்றுக்கு சுமார் 691 ஜிபி சேர்கிறது. இது வரிசையாக எழுதப்படும் பதிவு. எஸ்எஸ்டியின் வேகத்தால் இதற்கு ஆதாயம் இல்லை. கண்காணிப்புப் பதிவுக்கென்று விற்கப்படும் ஹார்டு டிஸ்க்குகளே போதும். ஆனால் அவற்றில் பலவற்றின் வரம்பு ஆண்டுக்கு 180 டெராபைட், உங்கள் கணக்கோ 252 டெராபைட். ஆகவே கேமராக்களை இரண்டு டிஸ்க்குகளுக்குப் பிரித்துவிடுங்கள்.

பேக்கப் எடுத்த பழைய சர்வர் எஸ்எஸ்டியைப் பீரோவில் வைத்திருக்கிறேன். எத்தனை மாதம் தாங்கும்? (விருதுநகர்)

ஃபிளாஷ் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள். சூட்டில் அது கசியும் வேகம் கூடும். நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, எழுதும் வரம்பு முழுவதும் தீர்ந்துபோன நிறுவன எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 40 டிகிரியில் மூன்று மாதம் தரவைக் காத்தால் போதும். சாதாரணக் கணினி எஸ்எஸ்டிக்கு அதுவே 30 டிகிரியில் ஓராண்டு. புதிய டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும், உங்களுடையது தேய்ந்தது. கத்திரி வெயிலில் உங்கள் ஊர் பீரோ எவ்வளவு சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றே ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

இரண்டாம் கை நிறுவன எஸ்எஸ்டி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? (திண்டுக்கல்)

வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ஸ்மார்ட் அறிக்கையில், டிஸ்க்கின் ஆயுளில் எத்தனை சதவீதம் தீர்ந்தது என்று சொல்லும் ‘பர்சன்டேஜ் யூஸ்டு’ என்ற எண்ணைப் பார்க்காமல் பணம் தராதீர்கள். அது 100-ஐத் தாண்டினாலும் டிஸ்க் ஓடும், 255 வரை எண்ணும். ஆனால் உத்தரவாத எல்லை கடந்துவிட்டது என்று பொருள். எஸ்ஏஎஸ் என்ற சர்வர் இணைப்பு வகை என்றால் அதற்கான கார்டு தனியாக வேண்டும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றியவை 520 பைட் செக்டரில் (டிஸ்க் தரவைப் பிரித்து வைக்கும் கூறு) இருக்கக்கூடும். 512-க்கு மறுபடி ஃபார்மட் செய்யாமல் உங்கள் சர்வர் அவற்றை ஏற்காது.

ரெய்டு 1-இல் இரண்டு எஸ்எஸ்டிகளும் ஒரே நாளில் வாங்கியவை. இது தவறா? (தேனி)

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதுவதால், இரண்டும் ஒரே அளவு எழுதப்பட்டு, ஒரே வேகத்தில் தேய்கின்றன. 2019-இல், இயங்கிய நேரம் 32,768 மணியைத் தொட்டதும் சில எஸ்எஸ்டிகள் ஃபர்ம்வேர் (டிஸ்க்கின் உள் மென்பொருள்) பிழையால் அப்படியே செயலிழக்கும் என்று ஒரு பெரிய சர்வர் நிறுவனமே அறிவிக்க நேர்ந்தது. ஒன்றாகப் பொருத்தியவை ஒன்றாகவே போகும் என்பதால், ரெய்டு அங்கே எதையும் காப்பாற்றாது. ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வையுங்கள். ஓராண்டு கழித்து ஒரு டிஸ்க்கை மட்டும் புதியதாக மாற்றி, கழற்றியதை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.