படிப்பு இலவசம், பயிற்சிக் காலம் யார் செலவு? – கேள்வி பதில்

மட்டக்களப்பு, கல்லடியில் இருந்தபடி மென்பொருள் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் டிப்ளோமா மாணவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கணினித் துறைக்குள் நுழைவது பற்றி எதையும் கேட்கலாம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி என் துறை அல்ல.

வெல்லாவெளி மாணவி: மிஸ், சாதாரண தரம் மட்டுமே சித்தி. எனக்கு வழி உண்டா?

உண்டு, தங்கச்சி. தொழிற்கல்வியை மட்டம் மட்டமாகப் பிரிக்கும் தேசிய தொழிற்தகைமையில் (என்.வி.கியூ.) 4ஆம் மட்டத்தில் தொடங்குங்கள். மஞ்சந்தொடுவாய் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் விசாரியுங்கள். 5ஆம், 6ஆம் மட்டங்கள் டிப்ளோமா, 7ஆம் மட்டம் பட்டம். இரத்மலானையிலுள்ள யுனிவொடெக் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானதே இவ்வழியில் வருபவர்களை மனதில் வைத்துத்தான். உயர்தரத்தில் தவறியவர்களுக்குக் கதவு மூடிவிட்டது என்று உறவினர்கள் சொல்வார்கள். அவர்களிடம் இந்த மட்டங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

காத்தான்குடித் தகப்பன்: மகனுக்கு "சர்வதேச டிப்ளோமா" தருவதாக ஒரு தனியார் நிலையம் சொல்கிறது. தவணையிலும் கட்டலாமாம்.

ஒரு சதமும் கட்டாதீர்கள், முதலில் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அந்த நிலையம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நிலையம் பதிவாகியிருப்பது மட்டும் போதாது. உங்கள் மகன் படிக்கப்போகும் அதே கற்கைநெறிக்குத் தர அங்கீகாரம் இருக்க வேண்டும். சுவரில் தொங்கும் வெளிநாட்டுக் கொடிகளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மண்டூர் மாணவன்: தினமும் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ். போக்குவரத்துச் செலவே பெரிது, மிஸ்.

நிறுவகத்தின் கடிதத்துடன் போக்குவரத்துச் சபை டிப்போவுக்குப் போய் மாணவர் பருவச்சீட்டு பற்றிக் கேளுங்கள், தம்பி.

கோவில்குளம், உயர் தொழில்நுட்பவியல் நிறுவக மாணவன்: தகவல் தொழில்நுட்ப டிப்ளோமாவில் இறுதிப் பயிற்சி வருகிறது. கொழும்பில் ஒரு நிறுவனம் எடுக்கத் தயார், கொடுப்பனவு இல்லையாம். அப்பா வாவியில் மீன்பிடிப்பவர். போகவா, விடவா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். முழுநேரப் படிப்புக்குப் பெரிய கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே வந்து போகலாம். அதனால் முதல் இரண்டு வருடமும் ஏழைப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடுகிறார்கள். பிரிவது பயிற்சிக் காலத்தில். அறைக்கு முற்பணம், சாப்பாடு, பஸ், அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டை. இவை எல்லாம் முதல் மாதத்திலேயே ஒன்றாக வந்து நிற்கும். வசதியுள்ளவன் வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கி, நல்ல நிறுவனத்தில் பழகி, அங்கேயே வேலையும் பெறுகிறான். மற்றவன் ஊரில் கடிதம் மட்டும் கொடுக்கும் ஓர் இடத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, தொலைபேசிக் கடையில் திரை மாற்றிக்கொண்டிருக்கிறான். இருவர் கையிலும் ஒரே டிப்ளோமா.

எனவே இப்படிச் செய்யுங்கள். கொடுப்பனவு உண்டா, எவ்வளவு, எப்போது என்று அந்த நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் "இல்லை" என்றவர்கள் எழுத்தில் கேட்டால் சில நேரம் இறங்கி வருவார்கள். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா என்றும் கேளுங்கள். பயிற்சிக்குப் பொறுப்பான விரிவுரையாளரிடம் வீட்டு நிலைமையை மறைக்காதீர்கள். ஒலுவில், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்களின் கணினிப் பிரிவுகளில் இடம் இருக்கிறதா என்று அவர் விசாரித்துச் சொல்லலாம். போவதென்று முடிவானால் வகுப்புத் தோழர்களுடன் சேர்ந்து ஓர் அறை எடுங்கள். அம்மாவின் காப்பை அடகு வைத்து மட்டும் போகாதீர்கள். வட்டிக் கவலையோடு இருப்பவனுக்கு நிரல் எழுதக் கை வராது.

கொழும்பு, மென்பொருள் நிறுவன முகாமையாளர்: நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் சொல்கிறீர்கள். பயிலுநர் முதல் மூன்று மாதம் எங்களுக்குச் சுமை. நாங்கள் கற்பிக்கிறோம், அதற்கு மேல் சம்பளமுமா?

சம்மாந்துறை, வேலையில் இருப்பவர்: அந்தச் சுமைதான் நான்காம் மாதத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளருக்குத் திரை வடிவமைக்கிறது. அதற்கு நீங்கள் அவரிடம் கட்டணப் பட்டியல் அனுப்புவதில்லையா, ஐயா?

முகாமையாளர்: கொடுப்பனவைக் கட்டாயமாக்கினால் சிறிய நிறுவனங்கள் பயிலுநர்களை எடுப்பதையே நிறுத்திவிடும். நட்டம் மட்டக்களப்புப் பிள்ளைகளுக்குத்தான்.

ஐயா, சம்பளம் கேட்கவில்லை. அறை வாடகையும் சோறும் கேட்கிறேன். இலவசமாக உழைக்கக்கூடியவர்களை மட்டுமே எடுப்பதென்றால் உங்கள் நேர்முகத் தேர்வு திறமையைப் பார்ப்பதில்லை, தகப்பனின் வங்கிக் கணக்கைப் பார்க்கிறது. சிறிய நிறுவனங்களைப் பற்றி நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பயிற்சியின் ஆறு மாதமும் கொடுக்க அவர்களுக்கு முடியாவிட்டால் முதல் இரண்டு மாதத்துக்காவது கொடுக்கட்டும்.

டொரன்டோ, ஊர்ச்சங்கச் செயலாளர்: நாங்கள் பாடசாலைக்கு இருபது மடிக்கணினி அனுப்பத் திட்டமிட்டிருக்கிறோம். நல்லதுதானே?

படம் எடுக்க நல்லது. அண்ணா, கோபிக்காதீர்கள். மேலே கோவில்குளம் தம்பி கேட்டதை வாசியுங்கள். அந்தப் பணத்தில் பாதியை டிப்ளோமா மாணவர்களின் கொழும்பு வாடகைக்கு ஒதுக்குங்கள், மாதாமாதம் மாணவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மீதியில் இயந்திரம் வாங்குங்கள், பழுது பார்க்கவும் கொஞ்சம் வைத்திருங்கள்.

ஏறாவூர் மாணவி: எந்த மடிக்கணினி வாங்கலாம்?
அக்கரைப்பற்று மாணவன்: பழைய மடிக்கணினி போதுமா?
களுவாஞ்சிக்குடி மாணவன்: கைபேசியில் படிக்க முடியாதா?

மூவருக்கும் ஒரே பதில். கைபேசியில் காணொளி பார்க்கலாம், நிரல் எழுதிப் பழக முடியாது. பாவித்த இயந்திரம் போதும்: 8 ஜிபி நினைவகம், எஸ்.எஸ்.டி. சேமிப்பகம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தியவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவதில்லை, கடைக்காரர் என்ன சொன்னாலும். அவற்றை மலிவாகப் பேசி வாங்கி, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள்.

ஓட்டமாவடி மாணவன்: எந்த மடிக்கணினி நல்லது, மிஸ்?

மேலே பாருங்கள்.

திருக்கோவில் மாணவி: காசில்லாமல் எங்கே நிரலாக்கம் படிக்கலாம்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் திறந்த கற்றல் தளத்தில் இலவச நிரலாக்கக் கற்கை நடத்துகிறது, ஃப்ரீகோட்கேம்ப் என்ற இணையத்தளமும் இலவசம். இரண்டில் ஒன்றை எடுத்து முடியுங்கள், மூன்றாவதைத் தேடாதீர்கள். பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாத பந்தியைக் கொப்பியில் தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்று மாதத்தில் வேகம் வரும்.

வாழைச்சேனை மாணவன்: ஒரு நிலையம் ஆறு வாரத்தில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியலாளர் ஆக்குகிறதாம். பதிவுக் கட்டணம் நாளை கடைசி நாள்.

நாளை போகட்டும், தம்பி. காத்தான்குடித் தகப்பனுக்குச் சொன்னதை வாசியுங்கள்.