ரிப்போர்ட் நன்றாக வந்ததும் மாத்திரையை விடுபவர்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது 34. நான்கு வருடமாக அரசு ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் எச்ஐவி மாத்திரை வாங்குகிறான். போன முறை வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் விட்டுவிடுகிறான். கேட்டால், “எனக்குத்தான் ஒன்றுமில்லையே” என்கிறான். திட்டியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

பதில்: வாரத்துக்கு இரண்டு நாள் விட்டால் அவர் போட்டுக்கொள்வது 71 சதவீதம்தான். ஏஆர்டி மையங்கள் எதிர்பார்ப்பது 95. அதாவது 30 மாத்திரையில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது. ஆனால் இந்தக் கணக்கைச் சொன்னால் அவர் மாறிவிட மாட்டார். மறதியால் விடுபவருக்குத்தான் அலாரம் உதவும். உங்கள் தம்பி மறக்கவில்லை. நோய் போய்விட்டது என்று நம்புகிறார். பேச வேண்டியது அந்த நம்பிக்கையைப் பற்றி.

ரிப்போர்ட் சொல்வது இதுதான்: ரத்தத்தில் உள்ள வைரஸ், கருவி அளக்கும் அளவுக்குக் கீழே போய்விட்டது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான சிடி4 செல்கள் சிலவற்றுக்குள் அது உறங்கிக்கொண்டே இருக்கும். மாத்திரையை அடியோடு நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 4 வாரத்தில் ரத்தத்தில் மறுபடி தலைகாட்டும். சிக்கல் என்னவென்றால், உடம்பு அதை உடனே காட்டிக்கொடுக்காது. பல மாதம், சிலருக்கு வருடக்கணக்கில்கூட, காய்ச்சலோ எடைக் குறைவோ இருக்காது. விட்டவர் “பார், ஒன்றும் ஆகவில்லை” என்று தன் நம்பிக்கையை இன்னும் உறுதியாக்கிக்கொள்வார். அதனால் “உடம்பு எப்படி இருக்கிறது” என்று அவரிடம் கேட்காதீர்கள். “அடுத்த வைரல் லோடு என்றைக்கு” என்று கேளுங்கள்.

எல்லோரும் ஒரே காரணத்துக்காக விடுவதில்லை. எந்த நாளில் விடுகிறார் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். சனி, ஞாயிறு மட்டும் என்றால் குடியைச் சந்தேகியுங்கள். குடித்த அன்று மாத்திரை போட்டால் ஆபத்து என்று பலர் தாமாகவே விட்டுவிடுகிறார்கள். இது தலைகீழ். குடி கல்லீரலுக்குக் கெடுதல்தான். ஆனாலும் குடித்த அன்றும் மாத்திரையை விடக்கூடாது. விசேஷ நாளில், விருந்தாளி வந்தால் விடுகிறார் என்றால் காரணம் கூச்சம். அவருக்கு நேரத்தை மாற்றிக்கொடுத்தால் போதும். இப்போது பெரும்பாலோர் வாங்கும் மாத்திரை (டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மி.கி. சேர்ந்தது) ஒரு நாளைக்கு ஒன்றுதான். சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். தூக்கம் கெடுகிறது என்றால் காலைக்கு மாற்றலாம்.

இன்னொன்று ‘சூடு’. மருந்து உடம்பைக் கெடுக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாம் என்ற எண்ணம். இதை உலகமே ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. 2006-ல் வெளியான ‘ஸ்மார்ட்’ ஆய்வில் 5,472 பேர். சிடி4 கூடியதும் மருந்தை நிறுத்தி, குறைந்ததும் தொடங்கியவர்களிடம் மரணமும் கடும் நோய்களும் சேர்ந்து இரு மடங்குக்கு மேல் இருந்தன. மருந்துதான் கெடுக்கும் என்று பயந்த இதயம், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளும் ஓய்வு கொடுத்தவர்களுக்கே அதிகம். ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர் நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் திடீரென முற்றலாம்; மேலே சொன்ன முதல் இரண்டு மருந்துகள்தான் அதையும் அடக்கிவைத்திருக்கின்றன. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) லேசாகக் கூடியதைப் பார்த்துப் பயந்து விடுபவர்களும் உண்டு. டோலுடெக்ராவிர் சிறுநீரகத்தைக் கெடுக்காமலேயே அந்த எண்ணைச் சற்று உயர்த்தும். டெனோஃபோவிரால் உண்மையான பாதிப்பும் வரக்கூடும். எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை.

ஒழுங்காகப் போட்டும் பலன் குறைகிறதென்றால் கூடவே எதைச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். இரும்பு, கால்சியம், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட் ஆகியவை டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அயச்செந்தூரத்தில் இருப்பது இரும்பு, சங்கு பற்பத்தில் கால்சியம். அதே எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும். அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ ஏஆர்டி மாத்திரையைப் போட வேண்டும்.

தம்பியிடம் பயமுறுத்தலைவிட ஒரு நல்ல செய்தி எடுபடும். வைரல் லோடு கண்டறியப்படாத நிலை ஆறு மாதம் நீடித்தால் உடலுறவு வழியே துணைக்குப் பரவாது. மாத்திரை தொடரும்வரைதான் அந்தப் பாதுகாப்பு. திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் இது கவனிக்கப்படும்.

ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடட்டும். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும். இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. வைரல் லோடு (ஒரு மில்லி ரத்தத்தில்) 1,000-ஐத் தொட்டாலும் உடனே மருந்தை மாற்ற மாட்டார்கள். கவுன்சிலிங் கொடுத்து, ஒழுங்காகப் போடவைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர் உண்மை பேசுவது முக்கியம். விட்ட மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவோடு போகிறவர்கள் உண்டு. எல்லாவற்றையும் போட்டும் மருந்து வேலை செய்யவில்லை என்று மருத்துவர் முடிவுசெய்து, தேவையில்லாமல் அடுத்த கட்ட மருந்துக்கு மாற்றிவிடக்கூடும். மிச்சமிருப்பதை அப்படியே டப்பாவோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.