முகப்பருவால் எரிச்சலடைந்த தோலுக்கு முதலுதவிப் பெட்டியில் இருப்பதைப் போடலாமா?

போடலாம். ஆனால் பெட்டியைத் திறந்ததும் கைக்கு அகப்படுவதைப் போடக் கூடாது. பருவைக் கிள்ளி, அது சிவந்து எரியத் தொடங்கிய பிறகு, இரவு பத்து மணிக்குமேல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதே நிலையில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் மருத்துவர் அல்ல. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு ஆண்டுகளாக முதலுதவிப் பொறுப்பில் இருக்கிறேன். நான் பொறுப்பேற்றபோது நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி 150 தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியாவது இருக்க வேண்டியிருந்தது. அதன் பொறுப்பாளர் முதலுதவிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. தையல் ஊசி ஏறிய விரல், கட்டிங் மிஷின் பட்ட கை, அயர்ன் பாக்ஸ் சுட்ட முழங்கை என்று வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். அப்படிப்பட்ட நானே என் மகளின் முகத்தைப் புண்ணாக்கினேன்.

அவள் பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மார்ச் மாதம் அது. தாடையோரம் வரிசையாகப் பரு வந்திருந்தது. ஒன்றைக் கிள்ளிவிட்டு, ரத்தம் கசிய என்னிடம் வந்தாள். டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்து ஒற்றிவிட்டேன். தண்ணீர் கலக்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. கம்பெனியில் நான் ஒருநாளும் கலக்காமல் பயன்படுத்தியதில்லை. பெற்ற பிள்ளையின் முகம், பரீட்சை நேரம், சீக்கிரம் ஆறிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் அறிவு வேலை செய்யவில்லை. மறுநாள் அந்த இடம் கருத்துத் தோலுரிந்தது. அதைச் சரிசெய்யப் பழுப்பு நிற அயோடின் களிம்பு, அதன்மேல் மாமியார் சொன்ன மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் என்று நான்கு நாட்களில் தாடை முழுவதும் சிவந்துவிட்டது.

ஐந்தாம் நாள் மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு டியூபை எடுத்து வைத்து, "ஏனுங்க்கா, இத ராத்திரிக்கு ஒரு வாரம் போட்டு உடுங்க, பளிச்சுன்னு ஆயிருமுங்க" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. ஒரு வாரத்தில் சிவப்பும் பருவும் மறைந்தன, முகம் வெளுத்தது, வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் என்ன போட்டீர்கள் என்று கேட்டார்கள். ஒரு மாதம் கழித்து நிறுத்தியபோது இரண்டே நாட்களில் கன்னம் தீப்பட்டது போலச் சிவந்து, முன்பு பரு வராத நெற்றியில்கூடப் பொடிப்பொடியாகக் கிளம்பியது. வெயிலில் நின்றால் அழுதாள். மறுபடி போட்டால் அடங்கியது, விட்டால் எரிந்தது.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, இதுவரை எதையெல்லாம் போட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஒன்பது பொருட்கள் வந்தன. நான் டியூபை எடுத்துக் கொடுத்ததும் ஒரே ஒரு பெயரின் கீழ்க் கோடிட்டுத் திருப்பித் தந்தார். அது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எந்தப் பெயரில் வந்தாலும், முகத்தில் வாரக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தநாளங்கள் விரிந்து, மருந்தை விட்டதும் எரிச்சல் பலமடங்காகத் திரும்பிவிடும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியையே திருத்தியிருக்கிறது. இன்றும் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்பிள்ளைகள் ஒரே டியூபை நான்கு பேர் பகிர்ந்து பூசிக்கொள்கிறார்கள். எந்தக் கடையிலும் யாரும் சீட்டு கேட்பதில்லை. சிவப்பழகு என்ற ஒரு சொல்லுக்காக இந்தப் பிள்ளைகளின் முகங்கள் வீணாவதைப் பார்க்கும்போது எனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது.

அந்தக் களிம்பை எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவர் சொன்னார். விழுங்குவதற்கு மாத்திரையும் எழுதினார். மற்றபடி முகத்துக்கு அவர் சொன்னவை என் கம்பெனிப் பெட்டியிலேயே இருப்பவை. 0.9 சதவீத உப்புக்கரைசலாகிய நார்மல் சலைன், கிருமி நீக்கிய காஸ் துணி (காயத்துக்கு வைக்கும் மெல்லிய வலைத்துணி), வெள்ளை வாசலின், அவ்வளவுதான். அன்றிரவு காஸை நான்காக மடித்து, குளிர்ந்த சலைனில் நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து அவள் கன்னத்தில் படிய வைத்தேன். ஃபேன் காற்றில் ஓரம் காய்ந்து தூக்கத் தொடங்கியதும் எடுத்து மறுபடி நனைத்தேன். மூன்றாம் முறை வைத்தபோது கண்ணைத் திறக்காமலேயே, "அம்மா, இப்ப எரியலை" என்றாள். ஒரு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது.

காயம் காய்ந்தால்தான் ஆறும் என்றுதான் நாம் வளர்ந்தோம். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கிப் பார்த்தபோது, காற்றில் காயவிட்ட காயத்தைவிட மூடி ஈரம் காத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மூடியது. வாசலின் செய்வது அந்த மூடும் வேலையைத்தான். கிள்ளிய இடத்திலும் தோலுரிந்த இடத்திலும் மட்டும் மெல்லியதாகத் தடவினால் போதும். சீழ் வெளிவந்துவிட்ட பருவுக்கு, கசிவை உறிஞ்சும் பசைத் தாளான ஹைட்ரோகொல்லாய்டு ஒட்டு நல்லது. படுக்கைப் புண்ணுக்கு விற்கும் பெரிய தாளையே கத்தரியால் பொட்டு அளவுக்கு வெட்டி ஒட்டினேன். கசிவை உறிஞ்சிக் காலையில் வெள்ளையாக உப்பியிருந்தது, கூடவே அவள் விரலும் அங்கே போகவில்லை. வெளியே முனை தெரியாமல் ஆழத்தில் வலிக்கும் கட்டிக்கு இது உதவாது.

ஆறு வாரம் கழித்து, பருவுக்கென்று 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்தை மருத்துவர் எழுதினார். 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் போகுமா என்று கேட்டேன். பரு குறைவதில் பெரிய வேறுபாடு இராது, எரிச்சல்தான் கூடும் என்றார். கம்பெனியில் மிஞ்சிய நீலத் துணியில் நான் தைத்திருந்த தலையணை உறை, ஒரு வாரத்தில், சாயத்தை வெளுக்கவைத்து அச்சிடும் டிஸ்சார்ஜ் பிரிண்ட் போட்டது போலத் திட்டுத்திட்டாக வெளுத்தது. சாயத்தையே எடுக்கிற பொருள் அது, எனவே பயறளவுக்குமேல் வேண்டாம்.

ஈரோட்டு மஞ்சளையும் பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயையும் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என் பிறந்த வீடே கொடுமுடிப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்கிற வீடு. 2019இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த அன்று அப்பா எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். நல்ல தோலில் பூசிக் குளிப்பது வேறு, உரிந்த தோலில் கடைத் தூளைத் தேய்ப்பது வேறு. தூளில் நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் என்ற செயற்கைச் சாயமும் ஈயம் அடங்கிய லெட் குரோமேட்டும் கலப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்தே போகும். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்தில் துவாரங்களை அடைக்கக் கூடியது. தலைக்கும் காலுக்கும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எங்கள் ஊரைப் போல உப்பான போர்வெல் தண்ணீர் உங்கள் வீட்டிலும் வருகிறது என்றால் முகத்தை மட்டுமாவது நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து தோலிலேயே படியும், எரிச்சலும் தணியாது.

என் மகளுக்கு எரிச்சல் அடங்க நான்கு மாதமும், கருந்தழும்பு மங்க ஏறக்குறைய ஒரு வருடமும் ஆயின. உங்களுக்கு மூக்கையும் மேலுதட்டையும் ஒட்டிய கட்டி வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, கண் பக்கம் வீக்கம் ஏறினாலோ, இந்தப் பதிலை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறும் எரிச்சல்தான் என்றால், இன்றிரவு சலைன் காஸை மட்டும் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் படுங்கள். புட்டியைத் திறந்த தேதியையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதி, ஒரு நாளைக்குமேல் மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.