குழு ஒற்றுமையாக இருக்கத் தலைவர் நேர்மையாக இருந்தால் போதுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் எதை நேர்மை என்கிறோம் என்பதில்தான் சிக்கல்.

நான் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் இன்சார்ஜ். எனக்கு முன்பு இருந்தவர் பொங்கல் நைட் டியூட்டிக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவார். எங்கள் ஐந்து பேர் பெயரும் டப்பாவில் இருக்கும், அவர் பெயர் மட்டும் இருக்காது. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவசரத்துக்கு அவர் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டோம், அவ்வளவுதான்.

துருவப் பயணக் குழுத் தலைவர் ஷாக்கில்டனின் ‘என்டியூரன்ஸ்’ கப்பல் 1915இல் அன்டார்டிகாவின் வெடல் கடலில் பனிக்கட்டிகளுக்குள் சிக்கி நொறுங்கியது. 28 பேர் பனிமேல் கூடாரம் போட்டார்கள். படுக்கைப் பைகளில் 18 தான் ரோமத் தோலால் ஆனவை, மீதி வெறும் கம்பளி. சீட்டுப் போட்டார்கள். கதகதப்பான தோல் பைகள் எப்படியோ சாதாரண மாலுமிகள் பக்கமே விழுந்தன. ஷாக்கில்டனுக்குக் கம்பளி, அதிகாரிகள் பலருக்கும் அதேதான். குலுக்கலில் ஏதோ தில்லுமுல்லு என்று ஒரு மாலுமியே பின்னால் சொல்லியிருக்கிறார். பார்க்கப்போனால் அதுவும் கள்ளச்சீட்டுதான்! ஆனால் நஷ்டம் தலைவருக்கு. 28 பேரும் உயிரோடு திரும்பினார்கள். கடைசி 22 பேர், பிறகு ஒதுங்கியிருந்த எலிஃபன்ட் தீவிலிருந்து மீண்டது 1916 ஆகஸ்ட் 30 அன்று.

இதைப் படித்துவிட்டு, நான் இன்சார்ஜ் ஆன முதல் வருஷமே பொங்கல் நைட்டை என் பேரில் எழுதிக்கொண்டேன். வீட்டில் திட்டு, லேபில் நல்ல பேர்.

ஷாக்கில்டனிடம் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. தச்சர் மெக்னிஷ், பனியில் படகுகளை இழுக்கும்போது ‘கப்பலே போச்சு, இனி உங்கள் உத்தரவு செல்லாது’ என்று முரண்டு பிடித்தவர். அதே மெக்னிஷ்தான் பிறகு ஒரு சின்னப் படகுக்குப் பக்கம் உயர்த்தி, கேன்வாஸ் மூடி போட்டார். அதில்தான் ஷாக்கில்டன் உட்பட ஆறு பேர் சுமார் 1,300 கிலோமீட்டர் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போய் உதவி தேடினார்கள். மெக்னிஷும் அந்த ஆறில் ஒருவர். ஊர் திரும்பியதும் பலருக்குத் துருவப் பயணத்துக்கான போலார் பதக்கம் கிடைத்தது, மெக்னிஷ் உட்பட நான்கு பேருக்கு மட்டும் ஷாக்கில்டன் பரிந்துரைக்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் இதைச் செய்திருக்கிறேன். டியூட்டி சார்ட் விஷயத்தில் எல்லோர் முன்னாலும் என்னோடு சண்டை போட்ட ஒரு தம்பிக்கு, அந்த வருட அப்ரைசலில் ‘சராசரி’ என்று போட்டேன். ரத்த மாதிரிகளில் லேபிள் மாறியதை இரண்டு முறை கண்டுபிடித்தது அவன்தான். மாற்றித் தரச் சொல்லி எச்ஆரில் கேட்டேன். ஃபைல் மூடியாச்சு சார் என்றார்கள். இப்போதும் அவன் என் போனை மூன்றாவது மணியில்தான் எடுக்கிறான்.