முழங்கையை யார் தூக்குவது?

அன்புள்ள ஐயா,

வயது 46. ஒரு வருடமாக நீச்சல் குளத்துக்குப் போகிறேன். ஃப்ரீஸ்டைலில் தண்ணீரைத் தள்ளி முடித்த கையை வெளியே எடுக்கும்போது, “முழங்கையைத் தூக்கு” என்கிறார் கோச். தூக்கினால் இடது தோள் வலிக்கிறது, வலது தோளில் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜேனட் எவன்ஸ் வீடியோவில் கையை மடக்காமலே காற்றாடி மாதிரி வீசுகிறார். எது சரி? (மூச்சு எப்போதும் வலப்பக்கம்தான் எடுக்கிறேன்.)

கே.

அன்புள்ள கே.,

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எழுந்து நின்று, உள்ளங்கை பின்னால் பார்க்கும்படி கையைத் தொங்கவிட்டு, முழங்கையை முதுகுக்குப் பின்னால் தூக்கிப் பாருங்கள். கொஞ்ச தூரத்தில் தோள் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் தட்டையாகக் குப்புறக் கிடந்தபடி முழங்கையை வெளியே எடுப்பதும் இதேதான். உடம்பு ஒருக்களித்தால் தோளே மேலே வந்துவிடும், முழங்கை பின்னாலேயே கூடவரும். வலப்பக்கம் மூச்சுக்காகத் திரும்பும்போது உங்கள் வலது கைக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. இடது கைக்கு யாரும் திரும்பித் தருவதில்லை. பாவம், அது தோள் பலத்திலேயே எழும்புகிறது.

கோச் சொல்வது தப்பில்லை. ஆனால் உடம்பு உருண்டால் முழங்கை தானே உயரும், தனியாகத் தூக்க வேண்டியதில்லை.

எவன்ஸ் அந்த வீச்சோடுதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 17 வயதில் மூன்று தங்கம் வாங்கினார். அடுத்த வருடம் 800 மீட்டரில் அவர் வைத்த 8:16.22 உலக சாதனை 2008 வரை நின்றது. அதற்காக எல்லோரும் அப்படி வீச வேண்டும் என்றில்லை. வெளியே போகும் கை நம்மை முன்னால் தள்ளுவதில்லை. அது ஓய்வெடுத்துக்கொண்டு, தோளுக்கு நேரே முன்னால் போய் இறங்கினால் போதும். உங்கள் தோளுக்குக் கையைச் சற்று அகலமாக, பாதி மடக்கி வீசுவது இதமாக இருக்கும். விரல்கள் தளர்ந்து தொங்கட்டும். கட்டைவிரலை முதலில் குத்தி இறக்காதீர்கள், அதுவும் தோளைத் திருகும்.

அப்புறம், மூன்று வீச்சுக்கு ஒருமுறை மூச்சு எடுங்கள், பக்கம் மாறி மாறி வரும். இரவில் படுத்தாலும் தோள் வலித்தால் குளத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். இடப்பக்கம் மூச்சு எடுக்கும் முதல் வாரம் நிறையத் தண்ணீர் குடிப்பீர்கள். நானும் குடித்தேன், குளோரின் ருசியோடு.